குளிர் மலைக்கு வந்த ஆமைக்குஞ்சு

(தோட்டத்துத் தாய்மார், பிள்ளைகள் கூட்டத்தில் விசுவமடுவைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் போஷாக்கைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆமையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சாப்பிடாத பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வன்னியிலே சொந்தம் இருக்கிறது. லீவுக்குப் போய் வருகிற பிள்ளைகள் அங்கேயிருந்து ஏதாவது கொண்டு வருவார்கள். பாலைப்பழம் கொண்டு வந்தால் பரவாயில்லை. ஆமைக்குஞ்சைக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்தது உங்களைப் போல லயத்தில்தான். 1977ஆம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து விசுவமடுவில் குடியேறியது. அப்போது எனக்கு வயது ஒன்பது. பெரியண்ணன் மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். அதனால் எங்களுக்கு இரண்டு ஊர். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடு இருக்கிறது. குளம் உண்டு, வயல் உண்டு, சுற்றிவரப் பற்றைக்காடும் உண்டு. பகல் என்றால் முப்பது பாகைக்கு மேலே வெயில். இங்கே நீங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்குப் போகிற நேரத்தில், அங்கே நாங்கள் வியர்த்துக்கொண்டு முற்றம் கூட்டுவோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

போன டிசம்பர் விடுமுறைக்கு அண்ணனின் பேரன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது பத்து. திரும்பிப் போன ஐந்தாம் நாள் இரவு எனக்குப் போன் வந்தது.

"விசுவமடுப் பாட்டி, யாருக்கும் சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்" என்றான்.

"சொல்லு ராசா" என்றேன்.

"ஒரு ஆமைக்குஞ்சு கொண்டாந்திருக்கேன். ஒண்ணுமே திங்க மாட்டேங்குது. செத்துருமா?"

விசாரித்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் மேட்டுக் காணியில் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவன் அதை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, துணிப் பைக்குள் ஒளித்து, கிளிநொச்சி, வவுனியா, கண்டி என்று பஸ் மாறி மாறிக் கொண்டு போயிருக்கிறான். எனக்கும் தெரியாது, கூட்டிப் போன என் மருமகனுக்கும் தெரியாது.

"என்ன குடுத்தே?" என்று கேட்டேன்.

"சோறு குடுத்தேன், ரொட்டி குடுத்தேன், பால் குடுத்தேன், பிஸ்கட் தூள் பண்ணிக் குடுத்தேன். வாயத் தொறக்கவே இல்ல."

"எங்கே வச்சிருக்கே?"

"பேசின்ல தண்ணி ஊத்தி, அதுல விட்டிருக்கேன்."

எனக்குப் பகீர் என்றது. "முதல்ல தண்ணியில இருந்து எடு. அது தண்ணி ஆமை இல்ல" என்றேன்.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஆமை என்றால் எல்லாம் தண்ணீரில் வாழும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வன்னிக் குளங்களிலே பாலாமை இருக்கிறது, காராமை இருக்கிறது. இவை தண்ணீர் ஆமைகள். விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும், நீந்தும். மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் நட்சத்திர ஆமை. ஓடு உயர்ந்து கூடாரம் போல இருக்கும். கறுப்பு ஓட்டின் மேலே மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். கால் யானைக்கால் போல உருண்டையாக, செதில் செதிலாக இருக்கும். இது தரை ஆமை. நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். குஞ்சாக இருக்கும்போது நட்சத்திரம் சரியாகத் தெரியாது. மஞ்சள் பட்டை வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரித் தெரியும். வளர வளரத்தான் கோடுகள் கூடும். அதனால் காலைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

நட்சத்திர ஆமை உலகத்திலே மூன்று பக்கங்களில்தான் இயற்கையாக வாழ்கிறது. ஒன்று, இந்தியாவின் வடமேற்கும் அதை அடுத்த பாகிஸ்தானும். இரண்டாவது, தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதி. மூன்றாவது, நம்முடைய இலங்கையின் வறண்ட பகுதி. மூன்றும் வெயில் நிலம். பற்றையும் புல்லும் உள்ள நிலம். மழை தொடங்கிப் புல் துளிர்த்ததும் இது வெளியே வந்து மேயும். வெயில் கடுமையானால் பற்றைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். குளிர் நாட்டு ஆமைகள் சில மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளே தூங்கும். நம்முடைய நட்சத்திர ஆமைக்கு அப்படித் தூங்கவும் தெரியாது. குளிரைத் தாங்க அதற்கு வழியே இல்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனால் டிசம்பர், ஜனவரிப் பனியிலே லயத்து அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தக் குஞ்சு ஏன் சாப்பிடவில்லை என்று பார்ப்போம். பிடிவாதத்தால் அல்ல. நான்கு காரணங்கள் இருந்தன.

முதலாவது குளிர். நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. ஆமைக்கு வெளியேயிருந்து வர வேண்டும். பகலில் 28 முதல் 32 பாகை வரை சூடு கிடைத்தால்தான் அதற்குப் பசி எடுக்கும், தின்றது செரிக்கும். குளிரில் குடல் வேலையை நிறுத்திவிடும். குளிர்ந்த ஆமைக்கு வாயைத் திறந்து சாப்பாட்டைத் திணித்தால் அது வயிற்றிலேயே கெட்டுப்போகும். ஆகவே சாப்பாட்டுக்கு முன்னே சூடு.

"அடுப்புக்கிட்ட வைக்கட்டா?" என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்றேன். அடுப்புப் புகை அதன் நெஞ்சுக்குக் கூடாது. "பல்பு கட்டட்டா?" என்றான். அதுவும் வேண்டாம் என்றேன். அட்டைப் பெட்டிக்கும் சாக்குக்கும் பக்கத்தில் பல்பு தொங்கினால் தீப்பிடிக்கும். லயத்திலே ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும். அது உங்களுக்குத் தெரியாததா? நான் சொன்ன வழி இதுதான். ஒரு பெரிய மரப்பெட்டி. அடியிலே காய்ந்த மண்ணும் காய்ந்த புல்லும். இரண்டு போத்தலில் சூடான தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய துணியால் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் வைக்க வேண்டும். மற்ற மூலை சும்மா இருக்கட்டும். சூடு வேண்டுமென்றால் இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும். அதற்கே தெரியும். தண்ணீர் ஆறியதும் மாற்ற வேண்டும். இரவில் படுக்கப் போகும்போது ஒரு தடவை, விடியப்புறம் ஒரு தடவை. கைக்குழந்தைக்கு எழும்புகிற மாதிரித்தான்.

பகலில் வெயில் வந்தால் இஸ்தோப்புக்கு வெளியே கொஞ்ச நேரம் வைக்கலாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதாது. ஓடு உறுதியாக வளர வேண்டிய கதிர் கண்ணாடியில் தடுபட்டுவிடும். நேர் வெயில் வேண்டும். ஆனால் பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பேசினில் போட்டு நடு வெயிலில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனால், வரும்போது அது வெந்து போயிருக்கும். காகம், பூனை, நாய் மூன்றுக்கும் காவலும் வேண்டும்.

இரண்டாவது தாகம். பஸ் பயணத்தில் அது காய்ந்து போயிருந்தது. காய்ந்த குஞ்சு தின்னாது. தட்டையான ஒரு பீங்கானில் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர்? ஆமை நின்றபடி தலையைத் தூக்காமலே மூக்கு வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நிமிஷம், பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அதிலே குடிக்கும், அதிலேயே சலமும் மலமும் போகும். பிறகு துணியால் ஒற்றித் துடைத்துச் சூட்டுப் பக்கம் விட வேண்டும். ஈரத்தோடு குளிரில் விட்டால் சளி பிடித்துவிடும். குஞ்சுகளுக்கு இது தினமும் ஒரு தடவை வேண்டும்.

மூன்றாவது பயம். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு பிறக்கும்போது ஒரு தீப்பெட்டி அளவுகூட நீளம் வராது. அதைத் தூக்கி, திருப்பி, வயிற்றைப் பார்த்து, ஓட்டைத் தட்டி! ஆமைக்குத் தூக்கப்படுவது என்றால் கழுகு தூக்குவது போல. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் தின்னும்? "ஒரு சிரட்டையை ஒரு பக்கம் உடைத்துக் கவிழ்த்து வை. அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளட்டும். குளிப்பாட்டுகிற நேரம் தவிர மூன்று நாளைக்கு யாரும் தொடக்கூடாது. சாப்பாட்டை வைத்துவிட்டு நீயும் எழும்பிப் போ" என்று சொன்னேன். இதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்பு வைத்தவனுக்குத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நான்காவது சாப்பாடு. சோறு, ரொட்டி, பால், பிஸ்கட், இறைச்சி எதுவும் வேண்டாம். பால் எந்த ஆமைக்கும் செரிக்காது. இது இலை தின்கிற பிராணி. அறுகம்புல், வல்லாரை, செவ்வரத்தை இலை, செவ்வரத்தைப் பூ, முசுக்கட்டை இலை, நாகதாளி, கொஞ்சம் முருங்கை இலை. குஞ்சென்றால் பொடியாக அரிந்து, தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். கோவா ஒரு சின்னத் துண்டு எப்போதாவது போதும். லீக்ஸ், வெங்காயம் கூடாது. பழம் அதிகம் கொடுத்தால் கழிச்சல் வரும். ஓடு வலுக்க சுண்ணாம்புச் சத்து வேண்டும். எங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில் கணவாய் ஓடு கிடைக்கும், அதைச் சுரண்டித் தூவலாம். இங்கே முட்டைக்கோதை அவித்துக் காயவைத்து மாவாக இடித்து ஒரு சிட்டிகை போடலாம்.

ஒரு முக்கியமான விஷயம். தோட்டத்திலே புல்லுக்கு மருந்து அடித்த மலையிலிருந்தோ, தேயிலைக்கு மருந்து அடித்த இடத்திலிருந்தோ ஒரு இலைகூடப் பறிக்கக்கூடாது. நமக்கு அது கழுவினால் போகும் என்று தோன்றும். தீப்பெட்டி அளவு உயிருக்கு ஒரு துளியே அதிகம். வீட்டுத் தோட்டத்தில் மருந்து படாத செடியிலிருந்துதான் பறிக்க வேண்டும்.

முட்டையிலிருந்து வந்த புதிதில், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சட்கருவை வைத்துக்கொண்டு குஞ்சு சில நாள் சாப்பிடாமலே இருக்கும். ஆகவே ஒரு நாள் தின்னவில்லை என்றதும் பதறி வாயைப் பிளக்காதீர்கள். சூடு, தண்ணீர், மறைவிடம் மூன்றையும் சரிப்படுத்திவிட்டுப் பொறுத்திருங்கள். அதே நேரம் இவை ஆபத்தான அறிகுறிகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்: மூக்கில் நீர், மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண் வீங்கி மூடியே கிடப்பது, கை வைத்தால் காலை உள்ளே இழுக்கச் சக்தியில்லாமல் தொங்கவிடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேலைக்கு ஆகாது. மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

என் பேரன் சொன்னபடி செய்தான். ஆறாம் நாள் கண்ணைத் திறந்து நடந்தது என்றான். ஏழாம் நாள் குளிப்பாட்டும்போது தண்ணீர் குடித்தது என்றான். எட்டாம் நாள் காலையில் மறுபடி போன்.

"பாட்டி! செவ்வரத்தைப் பூவைக் கடிச்சிருச்சு! ஓரத்துல அரிச்ச மாதிரி இருக்கு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்காத வார்த்தை. "ராசா, இப்ப அதைக் குடுத்திரணும்" என்றேன்.

அவன் அழுதான். "நான்தானே திங்க வச்சேன்" என்றான். நியாயமான பேச்சுத்தான். என் அண்ணன் மகன் போனை வாங்கி, "அத்தை, இவ்வளவு பாடுபட்டு உயிரோட வச்சிருக்கான். ஒரு ஆமை வீட்டுல இருந்தா என்ன குறைஞ்சு போகுது?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, அது சட்டத்துக்கு மாறானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமை பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நாட்டுக்கு நாடு விற்பதையும் தடுத்திருக்கிறார்கள். சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதலாவது அட்டவணையில் 2019ஆம் ஆண்டு இதைச் சேர்த்தார்கள். ஏன் அவ்வளவு கடுமை? இந்தியாவிலே ஒரே ஒரு வியாபார மையத்துக்காக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. பெட்டியிலே அடுக்கி, காலைச் சுற்றி ஒட்டி, மூச்சு விடமுடியாமல் கடத்துகிறார்கள். நம்முடைய பிள்ளை வியாபாரி இல்லைதான். ஆனால் வியாபாரியும் கிராமத்துப் பையன்களிடம்தான் வாங்குகிறான்.

இரண்டாவது, இந்த மலை அதற்கு ஊர் இல்லை. போத்தலில் சுடுதண்ணீர் மாற்றி மாற்றி ஒரு வாரம் காப்பாற்றலாம். நட்சத்திர ஆமை பல பத்து வருஷம் வாழ்கிற பிராணி. அத்தனை வருஷம் யார் விடியப்புறம் எழும்புவது? பரீட்சை வரும், பையன் கொழும்புக்கு வேலைக்குப் போவான். அப்புறம்?

மூன்றாவது என் சொந்தக் கதை. 1978இல் விசுவமடுவில் எங்களுக்கு ஒரு நட்சத்திர ஆமைக்குஞ்சு கிடைத்தது. காடு வெட்டி எரித்த காணியில் நானும் தம்பியும் எடுத்தோம். வெயில் ஊர்தான், சூட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும் என்று தோட்டத்திலிருந்து வந்த எங்களுக்கு நினைப்பு. பால்சோறு ஊட்டினோம். இரவில் பத்திரமாக இருக்கட்டும் என்று தண்ணீர் நிறைந்த கிடாரத்துக்குள் விட்டோம். காலையில் அடியில் கிடந்தது. அதைக் கொன்றது நாங்கள்தான், அதுவும் அன்போடு. இன்றைக்கு நான் இங்கே நின்று பேசுவதற்குக் காரணம் அந்தக் கிடாரம்தான்.

2009ஆம் ஆண்டு தைமாதம் விசுவமடுவை விட்டு நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டோம். பிறகு முகாம். முகாமில் என் சின்ன மகள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் ஊட்டு ஊட்டென்று ஊட்டினேன், அடித்தும் பார்த்தேன். ஒரு தாதியம்மாதான் சொன்னார்: "பிள்ளைக்குப் பசி இல்லாமல் இல்லை. பயம். மடியில் வைத்திருங்கள், தண்ணீர் கொடுங்கள், திட்டாதீர்கள், தானாகக் கேட்பாள்." அப்படித்தான் நடந்தது. புது இடத்தில் எந்த உயிருக்கும் முதலில் வாய் திறக்காது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அது தெரியாததா?

நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றம் முழுக்கப் பற்றை. பற்றையை வெட்டும்போது அடியில் ஒரு பெரிய நட்சத்திர ஆமை. அது எங்கேயும் போகவில்லை, அங்கேயே இருந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் காணிக்கு வெளியே பற்றைக்குள் விட்டுவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

சரி, பேரன் கதைக்கு வருவோம். அண்ணன் மகனுக்கு ஒரு பயம்: "கொண்டுபோய்க் குடுத்தா கேஸ் போட்டுருவாங்களோ?" பயந்து இரவோடு இரவாகத் தேயிலைக்குள் விட்டுவிடலாமா என்றும் யோசித்தான். அது கொலைக்குச் சமம். குளிரில் தாங்காது. எங்கேயோ ஒரு காட்டில் விடுவதும் சரியல்ல. வீட்டில் இருந்த பிராணி நோயைக் கொண்டுபோய் மற்றவற்றுக்குக் கொடுத்துவிடும். நான் அவனை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்குப் பேசச் சொன்னேன். பேசினான், நடந்ததை மறைக்காமல் சொன்னான். பத்தாம் நாள் ஆட்கள் வந்தார்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, என்ன தின்கிறது என்று பேரனிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். தகப்பனுக்குப் புத்திமதி சொன்னார்கள். பேரன் செவ்வரத்தைப் பூ நாலைந்தைக் காகிதத்தில் சுற்றி, "வழியில பசிக்கும்" என்று கொடுத்தனுப்பினான். அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லையாம். தாய் திட்டவில்லை. மறுநாள் தானாகக் கேட்டானாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. வன்னிக்கு லீவில் போகும்போது ஆமையைக் கண்டால் குந்தியிருந்து பாருங்கள். எப்படி நடக்கிறது, எந்த இலையைக் கடிக்கிறது என்று பாருங்கள். படம் வரையுங்கள். தூக்க வேண்டாம். வீதியைக் கடக்கிற ஆமை என்றால், வாகனம் வராத நேரம் பார்த்துப் பெரியவர் ஒருவர் அதைத் தூக்கி, அது போகிற திசையிலேயே வீதியின் மறுபக்கம் விடலாம். வந்த பக்கமே விட்டால் திரும்பவும் வீதிக்குத்தான் வரும். தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆமையின் உடம்பில் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வாந்தியும் பேதியும் காய்ச்சலும் வரும். சின்னப் பிள்ளைகள் ஆமையை வாயில் வைத்து நோய் வந்ததால்தான் அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் சில தாய்மார்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார்களே, டீச்சர்?" என்று ஒரு அக்கா கேட்டார். ஆமை வந்ததால் கெட்டுப்போன வீட்டை நான் பார்த்ததில்லை. கல்லாமையும் இயலாமையும் பொறாமையும் புகுந்து கெட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆமைகளைத்தான் பெரியவர்கள் சொன்னார்கள் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அதற்காக ஆமையைக் கல்லால் அடிக்க வேண்டாம். ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் வரும் என்று வைத்திருக்கவும் வேண்டாம். இரண்டும் அதற்குக் கேடு.

"கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் அல்லவா?" என்று ஒருவர் கேட்டார். ஆகாது. அதன் கழிவும் கிருமியும் நீங்கள் குடிக்கிற தண்ணீரில்தான் சேரும். நட்சத்திர ஆமையாக இருந்தால் மூழ்கிச் சாகும். கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

"ஓட்டில் சின்ன ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் நோகாதே, நகம் மாதிரித்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நகம் மாதிரி இல்லை, தம்பி. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு ஒன்றாகச் சேர்ந்தவை. ஓடு உயிருள்ள எலும்பு. தட்டினால் அதற்குத் தெரியும், துளைத்தால் நோகும், அந்த வழியாகச் சீழ் பிடிக்கும். பெயின்ற் அடிப்பதும் பெயர் எழுதுவதும் வேண்டாம்.

"ஆமை இறைச்சி மூலவியாதிக்கு நல்லதாமே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, அதற்கு எந்த நிரூபணமும் இல்லை. அதுவும் சட்டப்படி குற்றம். மூலத்துக்குக் கீரையும் தண்ணீரும் கூடச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நான் விடைபெறும் நேரம் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. போன சித்திரைக்கு என் பேரன் மறுபடி விசுவமடுவுக்கு வந்தான். வந்த அன்றைக்கே ஊர்ப் பையன்கள் ஓடிவந்து, "இன்னொன்று கண்டுபிடிச்சிருக்கிறம், கொண்டு போறியா?" என்று கேட்டார்கள். நான் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அவன் சொன்னான்: "வேணாம். எங்க ஊர்ல அதுக்குக் குளிரும். எடுத்த இடத்துல விட்டுட்டு வாங்க. நானும் வர்றேன், என்ன திங்குதுன்னு பாக்கலாம்."

எல்லோரும் போய், வெயில் ஏறும்வரை குந்தியிருந்து பார்த்துவிட்டுப் பசியோடு வந்தார்கள். எல்லோருக்கும் சோறு போட்டேன்.